பழைய படகு வாங்க முன் கியர் ஒயிலைப் பாருங்கள்

பழைய பைபர் படகை, பின்பக்கம் வெளியே பூட்டும் இஞ்சினோடு வாங்கப் போனால், இஞ்சினை ஸ்ராட் பண்ண முன் அதன் அடியிலுள்ள கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கரண்டி ஒயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். மேல் திருகாணியைத் தொடவேண்டாம். அது பூட்டியிருந்தால் ஒயில் மெதுவாகத்தான் வரும். மூடும்போது போட ஒரு புது வோசர் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஒயிலைவிடப் பாரம். இஞ்சின் இரவு முழுக்க நிமிர்ந்து நின்றிருந்தால் தண்ணீர் அடியில் இறங்கி முதலில் வரும். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தாலும் தண்ணீர் கலந்ததுதான். பெரும்பாலும் புறொப்பெல்லர் அச்சில் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) சுற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை வெட்டியிருக்கும். சீல் மாற்றுவது சின்னச் செலவு. ஆனால் உப்புத்தண்ணீர் பல நாள் நின்று பெயரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருந்தால் மலிவாக வாங்கியதில் மிச்சம் ஒன்றும் இராது. ஒயிலில் இரும்புத் துண்டுகள் கிடந்தால் அந்த இஞ்சினை விட்டுவிடுங்கள். மெல்லிய தூள் வழமையான தேய்மானம்.

ஒயில் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது, விற்க முன் மாற்றியிருக்கலாம். கடலில் அரை மணித்தியாலம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். எரிபொருள் எரியும் இஞ்சின் தலைப்பகுதியின் நிலையும் இதில் தெரியாது. மண்ணெண்ணெயில் ஓடியதென்றால் கொம்பிறசன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்தே விலை பேசுங்கள்.