ஃபெர்மீரின் ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’: பாதி அளவில் நகல் வரைவது எப்படி?

யோஹானஸ் ஃபெர்மீர் 1660–61 வாக்கில் வரைந்த இந்த ஓவியத்தின் அசல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 96.5 × 115.7 செ.மீ. நகலுக்கு 48 × 57.6 செ.மீ. கேன்வாஸ் அடித்துக்கொண்டால், குறுக்கே 12, நெடுக்கே 10 என 4.8 செ.மீ. கட்டங்கள் மிச்சமில்லாமல் விழும். ஏ3 தாளில் படத்தை 30 × 25 செ.மீ. அளவில் அச்செடுத்து, அதில் 2.5 செ.மீ. கட்டம் போடுங்கள்; ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் கேன்வாஸில் அதே கட்டத்துக்கு மாற்ற வேண்டும்.

கேன்வாஸின் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோவின் மேல் நேரடியாகத் தொடங்க வேண்டாம். நிழல்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறும். வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் ஓக்கரும் ரா அம்பரும் கலந்து மெல்லிய பூச்சாகக் கொடுத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

முதல் கோடு, எதிர்க்கரை தண்ணீரைத் தொடும் கோடு. அது துளி சாய்ந்தாலும் துறைமுகம் முழுவதும் வழிந்தோடுவதுபோல் தெரியும். அதன்மேல் நடுவில் கடிகாரம் வைத்த ஷீடாம் வாயில், வலப்பக்கம் இரட்டைக் கோபுரங்களோடு ரோட்டர்டாம் வாயில், இரண்டுக்கும் பின்னால் நியூவ கெர்க் தேவாலயக் கோபுரம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்: கட்டட நுணுக்கங்களைக் காட்டும் ஆசையில் நகரத்தை உயரமாக்கிவிடுவார்கள். அசலில் பாதிக்கு மேல் வானம்தான். நகரம் ஒரு ஒல்லியான பட்டை. கட்டத்தை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

எண்ணெய் வண்ணங்களில் அல்ட்ராமரின், மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அலிசரின், வெளிர் மஞ்சள், வெள்ளை போதும். ஃபெர்மீர் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. டைட்டானியம் வெள்ளை எடுத்தால் பாதி அளவு சேருங்கள். அது மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.

வானத்தை ஒரே அமர்வில், ஈரம் காயுமுன் முடிக்க வேண்டும். மேல் விளிம்பில் தொங்கும் கருமேகத்தை அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலில் போடுங்கள். கருப்பு டியூபைத் திறந்தால் அழுக்காகும். அந்த மேகம்தான் படத்தின் சாவி. முன்வரிசைக் கட்டடங்கள் அதன் நிழலில் மங்கிக் கிடக்க, பின்னால் கூரைகளும் நியூவ கெர்க்கும் வெயிலில் பளிச்சிடுகின்றன. கிட்டத்தில் இருப்பது பிரகாசம், எட்டத்தில் இருப்பது மங்கல் என்று பழகிய கை இதைத் தலைகீழாக்கிவிடும். முன்சுவரை முடித்ததும் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: கோபுரத்தைவிட அது வெளிச்சமாகத் தெரிந்தால் ரா அம்பரை அடிநிறம் தெரியும் மெல்லிய பூச்சாக (கிளேஸ்) ஏற்றி அடக்குங்கள்.

கோபுரத்தில் மணிகளை வரையாதீர்கள். அப்போது அங்கே மணிகள் இல்லை. ஜன்னல் இடைவெளிகள் வெறுமையாகவே இருக்கின்றன. ஓவியத்தின் காலத்தைக் கணிக்க உதவிய தடயங்களில் அதுவும் ஒன்று.

பிரதிபலிப்புகளைச் செங்குத்தாகக் கீழே இழுத்து, ஈரத்திலேயே காய்ந்த தட்டைப் பிரஷ்ஷால் குறுக்கே ஒரு முறை மட்டும் நீவுங்கள். இரண்டாம் முறை நீவினால் சேறாகும். ரோட்டர்டாம் வாயிலின் பிரதிபலிப்பு முதலில் குட்டையாக இருந்தது. ஃபெர்மீரே பிறகு நீட்டினார். கட்டடத்தின் உயரத்தை ஸ்கேலால் அளந்து அதே நீளத்தில் நிறுத்தினால் தண்ணீர் கண்ணாடித் தகடாகிவிடும்.

வலப்பக்கம் நிற்கும் ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளின் உடல் நிழலில்தான் இருக்கிறது; ஆனாலும் அதன்மேல் சின்னச் சின்ன ஒளிப் புள்ளிகள் மினுங்கும். அடிப்பூச்சு காய்ந்தபின், எண்ணெய் சேர்க்காத கெட்டி வண்ணத்தை 0 எண் பிரஷ்ஷின் நுனியால் தொட்டு எடுத்துவிடுங்கள். தேய்த்தால் புள்ளி கோடாகும். வரிசையாக வைத்தால் சீரியல் பல்பு மாதிரி இருக்கும். கட்டம் பார்த்து, இருக்கும் இடத்தில் மட்டும்.

இக்கரை மணலில் ஆட்களைக் கூட்ட வேண்டாம். நிற்கும் இரு பெண்களுக்குப் பக்கத்தில் முதலில் ஓர் ஆணையும் வரைந்து, ஃபெர்மீரே அழித்துவிட்டார். நகலை முடித்து ஆறு மாதம் கழித்து வார்னிஷ் அடியுங்கள்.