தூண் கொடுத்த மஞ்சள்

எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தூண்களுக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். போன தை மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பியபோது, என் கண்ணில் மட்டும் அது படவில்லை. பின்னால் எடுத்த வண்டி கரகரவென்று தேய்த்துக்கொண்டு நின்றது. கருநீல வேகன் ஆர். பழைய வண்டியாக வாங்கியது. இடப்பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கும் பின் பம்பரின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கும் மஞ்சள் அப்பியிருந்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பிய கையோடு நான் செய்ததை நீங்கள் செய்துவிடாதீர்கள். சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்து, சோப்பு போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் பாதி போனது. துடைத்துப் பார்த்தால், அந்த இடம் முழுவதும் பனி படர்ந்த கண்ணாடி போல மங்கிக் கிடந்தது. அந்த நார், அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதற்கென்று உரைதூள் ஏற்றிச் செய்யப்படுவது. வண்டிப் பூச்சு அதற்கு எம்மாத்திரம்? தூண் செய்த சேதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்தேன்; நார் செய்த சேதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

வண்டியின் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, நிறத்துக்கு அடியில் போடும் பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. பளபளப்பைத் தருவது கடைசியாகச் சொன்ன அந்தக் கிளியர் கோட்தான். அதன் கனம் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கை தானாக மெதுவாகும்.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணில் படுவது வண்டியின் மேல் வந்து ஒட்டியதா, வண்டியிலிருந்து போனதா? தூணின் மஞ்சள் என்பது வந்தது. அதன் அடியில் நம் நிறம் பெரும்பாலும் முழுசாக இருக்கும். கீறல் என்பது போனது. இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், கழுவித் துடைத்த பிறகு நகத்தை குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் வீட்டிலேயே சரியாகிவிடும். தட்டி நின்றால் கீறல் ஆழம். இன்னொரு சோதனை, அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பது: நனைந்ததும் கோடு மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்ட கீறல். நனைந்த பிறகும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. தகரம் மினுங்கினால் துரு பிடிக்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும். பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.

எது உரசியது என்பதைப் பொறுத்தும் வேலை மாறும். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் தண்ணீரும் ஷாம்பூவுமே போதும். டயரோ செருப்போ உரசிய கறுப்புத் தடத்துக்கு டர்பன்டைன் தொட்ட துணியே போதும். கேட்டுக்கும் தூணுக்கும் அடிக்கிற எனாமல் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். இன்னொரு வண்டியின் பெயிண்ட் என்றால் அதைவிடப் பிடிவாதம். பூசாத சிமெண்ட் சுவர்தான் மோசம். அது எதையும் கொடுக்காது, எடுத்துக்கொண்டு மட்டுமே போகும்.

காலை எட்டு மணிக்குள், நிழலில் வேலையைத் தொடங்குங்கள். வெயிலில் நின்ற கதவில் எதைத் தடவினாலும் உடனே காய்ந்து கறையாகிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொண்டு கார் ஷாம்பூவால் நன்றாகக் கழுவுங்கள். ஒரு வாளியில் நுரை, இன்னொன்றில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். எங்கள் தெருவில் வீடு கட்டாத நாளே இல்லை. வண்டியின் மேல் படிவது எம்சாண்ட் தூள். அதைக் கழுவாமல் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

துணிக்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்கு அலைந்தால் ஊரே சிரிக்கும். பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. வெள்ளைத் துண்டுகளாக, தையல் இல்லாதவையாகப் பொறுக்கி எடுங்கள். தையல் மடிப்பும் ஒட்டியிருக்கும் லேபிளும் கோடு போட்டுவிடும். கடைசித் துடைப்புக்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணி. வெள்ளைத் துணி எதற்கென்றால், என்ன நிறம் கழன்று வருகிறது என்று அதில்தான் தெரியும். மஞ்சள் வந்தால் தொடரலாம். நீலம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் சிறிய பாட்டிலாக டர்பன்டைன் வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் யார் கண்ணிலும் படாத ஓர் இடம் இருக்கும். முதலில் அங்கே ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். நிறம் வரவில்லை என்றால், துணியில் தொட்டு மஞ்சளின் மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு நீளவாட்டில் தேய்த்து எடுங்கள். காய்ந்த எனாமலை இது முழுக்கக் கரைக்காது. பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். கதவில் எனக்கு முக்கால்வாசி இதிலேயே போனது. துணியின் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் எடுத்த மஞ்சளையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டறைக்காரர்கள் பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் தொட்டு ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார்கள். பார்க்கச் சுலபமாக இருக்கும். கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட பூச்சு அந்த ஒரு நொடியைத் தாங்கும். பட்டறையில் மறுபடி அடித்த பூச்சு தாங்காமல் போகலாம். என் பம்பர் முந்தைய உரிமையாளர் காலத்தில் மறுபூச்சு கண்டது என்பதே, நான் தின்னரைத் தொட்டு வைத்து, துணி நீலமாக மாறிய பிறகுதான் தெரிந்தது. பெட்ரோலும் வேண்டாம்; வாகன நிறுத்தத்தில் நான்கு வண்டிகளுக்கு நடுவே அதைத் திறந்து வைப்பது பைத்தியக்காரத்தனம். எதைப் பயன்படுத்தினாலும் காற்றோட்டம் வேண்டும், கையுறை வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. எங்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பதிலுக்குப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். பித்தளைக் குடத்துக்குச் சரி.

டர்பன்டைனின் எண்ணெய்ப் பசையை ஷாம்பூவால் கழுவி எடுத்தபின், மீதி மஞ்சளுக்கு ரப்பிங் காம்பவுண்ட், அதாவது மெல்லிய உரைதூள் கலந்த பசை. சின்ன டப்பா போதும், பல வருடம் வரும். கதவின் விளிம்பு, மடிப்புக் கோடு, கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஆகியவற்றின் மேல் முதலில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் தேய்ப்பின் அழுத்தமெல்லாம் ஒரே கோட்டில் விழுவதால் பூச்சு சீக்கிரம் போய்விடும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் புகுந்தால் வெள்ளையாகக் காய்ந்து, பல் துலக்கும் பிரஷ் வைத்து நோண்ட வேண்டி வரும்.

துணியை நான்காக மடித்து, லேசாக நனைத்து, பட்டாணி அளவு காம்பவுண்ட் எடுங்கள். விரல் நுனியால் அழுத்தாதீர்கள். விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். நான்கு விரல்களையும் தட்டையாக வைத்து, முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துவிட்டு, துடைத்துப் பாருங்கள். மறுபடி பத்துத் தடவை. தேய்க்கும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மிச்சம் மீதி எல்லாம் தெரியும். மஞ்சள் போனதும் நிறுத்திவிடுங்கள். அடியில் தெரியும் மெல்லிய கோட்டையும் ஒழித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வரும். எனக்கும் வந்தது, மனைவி காபிக்குக் கூப்பிட்டதால் தப்பித்தேன்.

பற்பசையால் முடியுமா என்று கேட்பார்கள். அதிலும் மெல்லிய உரைதூள் இருப்பதால் சிறு தடங்களுக்கு உதவும். எனாமலுக்கு உங்கள் கைதான் வலிக்கும். மாயப் பஞ்சு என்று விற்கிற வெள்ளைப் பஞ்சும் நுண்ணிய உப்புத்தாள்தான், பயந்து பயந்து பயன்படுத்துங்கள்.

காம்பவுண்ட் தேய்த்த இடம் சற்று மங்கலாகத் தெரியும். அதற்குப் பாலிஷ், அதன்மேல் மெழுகு. மெழுகு கட்டாயம், தேய்த்த இடத்தில் இருந்த பழைய பாதுகாப்பு போயிருக்கும்.

நகம் தட்டிய ஆழமான கீறலுக்கு டச்சப் பாட்டில், அதாவது வண்டியின் நிறத்திலேயே சின்னப் பாட்டிலில் வரும் பெயிண்ட். வண்டியின் கலர் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். நீலம் என்று கேட்டால் வேறு ஏதாவது நீலத்தைத் தந்து அனுப்புவார்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமனானது. பல் குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் வையுங்கள். ஒரு தடவை வைத்து, காய்ந்தபின் இன்னொரு தடவை. கதவுத் தகரத்தில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. தகரம் நெளிந்திருந்தால் டிங்கரிங் பட்டறைதான்.

இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கேட்கலாமே என்றார் எதிர்வீட்டுக்காரர். ஐந்து வருடம் எதுவும் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி சேர்கிறது. ஒரு பட்டை மஞ்சளுக்காக அதை இழப்பதா? நான் கேட்கவில்லை.

கதவில் இப்போது எதுவும் தெரியாது. பம்பர் மூலையில் தின்னர் தொட்ட இடம் மட்டும் மாலை வெயிலில் வெளிறித் தெரிகிறது. தூணிலோ இடுப்பு உயரத்தில் என் கருநீலம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எப்போது துடைக்கப் போகிறேன் என்று சங்கச் செயலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.