மீசை தேயாத மணல்: அடியில் வாழும் மீன்களுக்கு என்ன போடலாம்?

கோரிடோரஸ் என்ற, தொட்டியின் அடியில் மேயும் சின்ன மீசை மீனை வாங்க வருகிறவர்கள் மீனை நேரமெடுத்துத் தெரிவு செய்கிறார்கள். அது வாழ்நாளெல்லாம் மூக்கை வைத்துக் கிளறப்போகிற மணலை மட்டும் கையில் கிடைத்தபடி போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை.

சாப்பாடு போட்டபின் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோரிடோரஸ் கண்வரைக்கும் முகத்தை மணலுக்குள் விட்டு வாய் நிறைய அள்ளும். தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாகத் தள்ளும். செவுள் மூடியின் கீழே மணல் உதிர்வது தெளிவாகத் தெரியும். பாம்புபோல் மெலிந்த கூலி லோச் மீனும் நம் வாய்க்கால் அயிரையும் இன்னும் ஒரு படி மேல், முழு உடம்போடு உள்ளே புதைந்துவிடும். ஆகவே மணி சின்னதாக, 1 மில்லிமீற்றர் அளவில், முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். பெரிய கல்லின் இடுக்கில் சாப்பாடு விழுந்து அழுகும், மீன் அந்த அழுகலுக்குள்தான் மீசையை விட்டுத் தேடும். மீசை தேய்ந்தால் எல்லோரும் கூர்மையான கல்லைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு அழுக்கின் மேல்தான் கூடுதல் பயம்.

மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலோ பாசிக்குடாவிலோ வீடு இருந்தால் கடற்கரை மணல்தான் முதலில் நினைவுக்கு வரும். வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் தூளையும் முருகைக்கல் துணுக்கையும் கழுவ முடியாது. அவை மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பிஎச் (அமில, கார) அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். எந்த மணலானாலும் ஒரு கரண்டி எடுத்து, முதலில் தண்ணீரில் நன்றாக நனைத்து வடித்துவிட்டு, மேலே வினாகிரி விடுங்கள். காய்ந்த மணலில் விட்டால் உள்ளே இருக்கும் காற்றே குமிழாக வந்து ஏமாற்றும். நனைத்த பிறகும் ஒரு துணுக்கிலிருந்து தொடர்ந்து நுரை கிளம்பினால் அது சுண்ணாம்பு.

நான் நம்புவது ஆற்று மணலை. முந்தனையாற்றுப் பக்கத்து மணல் பெரும்பாலும் படிகக்கல், தண்ணீரை மாற்றாது. மேசன்மார் பூச்சு வேலைக்கு அரித்து வைத்திருப்பதைக் கேட்டு வாங்கலாம், சீமெந்து கலக்காத குவியலாகப் பார்த்து எடுங்கள். ஜன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலையில் இன்னொரு தடவை அரித்தால் கீழே விழுவது ஏறக்குறைய நமக்கு வேண்டிய அளவு. அதை ஈரமாகவே மணிக்கட்டின் உட்பக்கத்தில் தேயுங்கள். குத்தினால் அந்த மணல் வேண்டாம். அப்புறம் வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். சாயம் பூசிய கலர்க் கற்களை நான் தொடுவதே இல்லை.

இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட 11 கிலோ அளவில் தேவைப்படும். முன்பக்கம் அதைவிடக் குறைந்தாலும் சரி. பின்பக்கம் செடி வேர்விட 6 வரை போகலாம்.

செடிதான் இங்கே சிக்கல், ஏனென்றால் ஆற்று மணலில் சத்து இல்லை. அக்குவா சொயில் என்று கடையில் விற்கும் சத்துள்ள மண் மணிகள் செடிக்கு நல்லது, ஆனால் பல வகைகள் முதல் சில கிழமைகளுக்கு மீனுக்கு நஞ்சான அமோனியாவை விடும். அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைற் இரண்டும் பூச்சியம் என்று சோதனையில் வரும்வரை மீன் விடக்கூடாது. கிளறக் கிளற மணிகளும் நொறுங்கும். வயல் மண்ணை மணலுக்கடியில் போடும் யோசனையையும் விடுங்கள். உரமும் பூச்சிமருந்தும் பட்ட மண், அதைக் கூலி லோச் தோண்டி மேலே கொண்டுவந்துவிடும். எங்கள் தொட்டியில் முழுக்க மணல்தான். கிரிப்டோகோரைன் வெண்டியி, பெக்கெட்டி போன்ற நம் இலங்கைக்கே உரிய செடிகளுக்கு வேரடியில் உர வில்லைகளை ஆழமாகப் புதைக்கிறேன். அனுபியாசையும் ஜாவா பேர்னையும் மரக்கட்டையில் கட்டினால் போதும், அவற்றுக்கு மணலே தேவையில்லை.

சைபன் குழாயை மணலுக்குள் குத்தாமல் சற்று மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் ஏறும். செடியில்லாத இடத்தை அடிக்கடி விரலால் மெல்லக் கிளறிவிடுங்கள். கறுத்துப்போய்க் கூழ்முட்டை நாற்றம் வந்தால் அங்கே மணல் கூடிவிட்டது, குறையுங்கள்.

ஏற்கனவே கல் போட்ட தொட்டியை மாற்றுவதானால் ஒரேயடியாக அள்ள வேண்டாம். கழிவைச் சிதைக்கும் நல்ல பக்ரீரியா அந்தக் கல்லிலும் இருக்கிறது. பாதியை இந்தக் கிழமை எடுங்கள், மிச்சத்தை இரண்டு மூன்று கிழமை கழித்து. அதுவரை பில்டரைக் கழுவாதீர்கள்.