பேட்டையின் பழைய பெயரைத் தேடிப் பிடிப்பது எப்படி

சென்னை ஏழுகிணறு பக்கம் வளர்ந்த எனக்கு, எங்கள் இடம் பெத்தநாயக்கன்பேட்டை என்பது இருபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தாத்தாவின் பீரோவில் இருந்த தாய்ப்பத்திரம்தான் சொன்னது.

அதனால் முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். மேலே உள்ள முகவரியைவிட, செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு எல்லைகள், எழுதிய பத்தியை நிதானமாகப் படியுங்கள். வடக்கே யார் மனை, கிழக்கே எந்தச் சந்து என்று அங்கேதான் பழைய பெயர்கள் ஒளிந்திருக்கும். எங்கள் பத்திரத்தில் மை பழுப்பேறி, 'பேட்டை' மட்டும் பளிச்சென்று நின்றது.

அப்புறம் பெயரைப் பிரித்துப் பாருங்கள். பெத்தநாயக்கர் என்பது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஊர்க்காவல் பார்த்த பரம்பரைப் பொறுப்பு. பெயரிலேயே ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்!

அடுத்து, எல்லையை நடந்து பாருங்கள். கிழக்கே முத்தியால்பேட்டை, இரண்டுக்கும் நடுவே ஓடிய வாய்க்காலைத் தூர்த்துத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிராட்வே வந்தது. இன்று அது பிரகாசம் சாலை. இரண்டு பேட்டையும் ஜார்ஜ் டவுனுக்குள் கரைந்துவிட்டன. ஆனாலும் தம்புசெட்டி தெருவில் பள்ளிப் பெயராக முத்தியால்பேட்டை இன்னும் இருக்கிறது. அதனால் பள்ளி, கோயில் பெயர்ப்பலகைகளை விடாதீர்கள்.

கடைசியாக, தெருவில் வயதானவர்களிடம் "முன்னே இதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். சொன்னதை அன்றைக்கே எழுதிவையுங்கள். நான் தள்ளிப்போட்டு, பாட்டி சொன்னதில் பாதியை இழந்தேன்.