வேப்பங்கொட்டையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

மரவிதையை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் நன்றாக முளைக்கும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது ஆப்பிள் மாதிரி குளிர்நாட்டு மரங்களுக்கு. ஆப்பிள் விதை 4, 5 டிகிரி குளிரில், ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் உறக்கம் கலையும். வேம்புக்கு அந்த உறக்கமே கிடையாது. ஈரம் காயாத வேப்பங்கொட்டையைக் குளிரில் வைத்தால் உள்ளே பருப்பு செத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஆனி, ஆடியில் மஞ்சளாகப் பழுத்து விழும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவிவிட்டு, ஓரிரு நாள் நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் முளைப்பு மளமளவென்று குறையும். உடைத்துப் பார்த்தால் பருப்பு பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் வீண்.

மண் 25 முதல் 35 டிகிரி வரை இருந்தால் போதும், ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை வரும். கறுப்பு நாற்றுப்பை வெயிலில் ரொம்பவே சூடேறும், அதனால் மர நிழலில் வையுங்கள்.

தேக்கு மட்டும் நேர் எதிர். அதன் கொட்டையை இரவில் ஊறவைத்து, பகலில் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் இப்படியே மாற்றி மாற்றிச் செய்யலாம்.