மாட்டுப் பொங்கலுக்கு வாத்துக் குழம்பு

ஆரணி, வேலூர் பக்கம் நெல் அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக்குத் தனி ருசி. வாங்கும்போது கீழ் அலகை அழுத்திப் பாருங்கள், வளைந்தால் இளசு. முட்டையிட்டு ஓய்ந்த வாத்து வேக இரண்டு மடங்கு நேரமாகும்.

இறகில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வெந்நீர் எளிதில் இறங்காது. அதற்காகக் கொதிக்கிற நீரில் போட்டால் தோல் கிழியும். சுமார் 65 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி முக்கிப் பறியுங்கள். மிச்சப் பூமுடியைத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுங்கள். முக்கியமாக, வாலின் மேல்புறம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சதையோடு வெட்டி எறிய வேண்டும். அதை விட்டால் எந்த மசாலாவும் கவிச்சியை மறைக்காது.

ஒன்றரை கிலோ கறிக்கு மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லி 3 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 10, சோம்பு ஒரு தேக்கரண்டி. வறுத்து அரையுங்கள்.

தோலடிக் கொழுப்பை மட்டும் முதலில் சட்டியில் உருக்குங்கள். வேறு எண்ணெயே தேவையில்லை. அதில் கால் கிலோ சின்ன வெங்காயம், 3 மேசைக்கரண்டி இஞ்சிப் பூண்டு விழுது, 2 தக்காளி வதக்கி, கறியைப் போட்டு நீர் வற்றும் வரை கிளறுங்கள். பிறகு மசாலா, உப்பு, 3 டம்ளர் தண்ணீர். இளசுக்கு மூடி போட்டு ஒரு மணி நேரம்; முற்றலுக்குக் குக்கரில் 8 விசில். அரை மூடித் தேங்காயின் விழுதைக் கடைசியில் ஊற்றி ஒரே கொதி, அதிகம் கொதித்தால் திரிந்துவிடும். மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை வழித்தெடுங்கள். கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பு கிடையாது.