கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்கிறீர்களா?

குன்னூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டை விற்கப் போனார். மழைக்காலம், சுவரெல்லாம் ஓதம். பார்க்க வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு 31 லட்சம் என்றார். வங்கியில் பாக்கியோ 38 லட்சம். வீடு போனால் கடனும் போய்விடும் என்று இவர் நினைத்திருந்தார். போகாது. மீதி 7 லட்சம் இவர் தலையில்தான்.

கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி, வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, ஏலம் விட்டாலும் இதே கதைதான். ஏலப் பணம் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் ஜாமீன் போட்டவரிடமும் வசூலிக்கலாம். ஜாமீன் போட்டது பெரும்பாலும் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார், அதுதான் சங்கடம்.

அதனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். இன்றைய தேதிக்கு முழு பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே தவணைத் தீர்வுக்கு, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க, வங்கி ஒத்துக்கொண்டால், மீதித் தொகையைத் தள்ளுபடி செய்ததாகக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மேனேஜர் வாயால் சொன்னது செல்லாது. ஆனால் ஒன்று, இப்படித் தீர்த்தால் உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் 'செட்டில்ட்' (முழுதும் கட்டாமல் முடித்தது) என்று விழும். அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். மாதத் தவணை கட்ட முடியுமென்றால், அந்த 7 லட்சத்தைத் தனிக்கடனாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே மேல் என்பேன்.

அப்புறம், கணக்கு முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் திரும்பி வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் நீங்கியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.